மின்கோபுரத்தைத் தட்டிக்கொடுத்தவர்

பெட்ரா ரெடோண்டா, மினாஸ்
12 பிப்ரவரி 2017

அன்புள்ள அண்ணா,

அப்பா இப்போதெல்லாம் மின்கோபுரத்தின் காலைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் தோட்டத்துக்குள் போகிறார். கறவை மாட்டின் முதுகைத் தட்டுவாரே, அதே தட்டு. முதலில் ஏதோ பூச்சியை அடிக்கிறார் என்று நினைத்தேன். தினமும் பார்த்த பிறகுதான் புரிந்தது. நேற்று கோபுரத்தின் கீழே படர்ந்திருந்த கொடியையெல்லாம் அறுத்துச் சுத்தம் செய்தார். கம்பெனி ஆட்கள் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் ஏன் செய்கிறீர்கள் என்று அம்மா கேட்டாள். "நாமதானே கம்பெனி, சிர்லே" என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். வீட்டுப் போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. சிக்னல் கிடைப்பதோ காப்பி உலர்த்தும் களத்தின் ஓரத்தில் மட்டும். அங்கே நின்று பேசினால் ஊருக்கே கேட்கும். எனக்குப் போனில் பேச வராது என்பதும் உனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். விடியற்கால ரேடியோவில், பால் விலைக்கும் காப்பி விலைக்கும் நடுவே, காம்போ அல்டோ மின்வழிக் கம்பெனி இந்த வருஷம் நல்ல ஈவுத்தொகை கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். அப்பா பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "கேட்டியா? நம்ம டிவிடெண்ட்" என்றார். அன்றிலிருந்து அந்தப் பணத்தை எதற்கெல்லாம் செலவு செய்யலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறார். பால் கறக்கும் கொட்டிலுக்குக் கூரை, அம்மாவுக்குப் பல், எனக்கு ஒரு சைக்கிள்.

ஆகஸ்டில் மேல்தோட்டத்துக் காப்பிச் செடிகள் அத்தனையையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டோம் அல்லவா. கட்டைகளில் துளிர் வந்துவிட்டது. கட்டைக்கு இரண்டு துளிரை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி எறிவதுதான் இப்போது என் வேலை. மறுபடி காய்க்க இரண்டு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் இந்த வீடு பாலை நம்பியும், நீ அந்தக் கம்பெனியில் போட்டுக்கொடுத்த பணத்தை நம்பியும்தான் ஓட வேண்டும். அதனால் கேட்கிறேன். அந்த ஈவுத்தொகை நமக்கு வருமா?

உன் தங்கை,
மாரா


சாவோ பாவுலோ
1 மார்ச் 2017

மாரா,

வராது.

கார்னிவல் விடுமுறை கிடைத்ததால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. அப்பா வாங்கியது பங்கு இல்லை, டிபெஞ்சர். கடன் பத்திரம். கம்பெனி அவரிடம் கடன் வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கடன் கொடுத்தவருக்கு ஜூனிலும் டிசம்பரிலும் வட்டி வரும். கெடு முடிந்ததும் போட்ட பணம் திரும்பி வரும். ஈவுத்தொகை என்பது லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குக் கொடுப்பது. லாபம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இதையெல்லாம் கையெழுத்துப் போடும் அன்றே சொன்னேன். தலையை ஆட்டினார். செடியை வெட்டப் போகிறேன், இடையில் கைக்கு ஏதாவது நிச்சயமாக வந்துகொண்டிருக்க வேண்டும் என்று அவர் சொன்னதால்தான் பங்கை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொடுத்தேன். டிசம்பரில் வந்த வட்டியை என்னவென்று நினைத்தாராம்?

தரகு அலுவலகத்தில் நாள் முழுக்க போனில் முன்பின் தெரியாதவர்களுக்கு இதையே விளக்குகிறேன். வீட்டுக்கும் கடிதத்தில் விளக்க வேண்டியிருக்கிறது. நீயே சொல்லிவிடு. ஒரு நிமிஷ வேலை.

வான்டெர்லே


பெட்ரா ரெடோண்டா
2 ஏப்ரல் 2017

அன்புள்ள அண்ணா,

ஒரு நிமிஷ வேலைதான். என்னால் முடியவில்லை.

மதியச் சாப்பாட்டின்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன். உன் ஞானத்தகப்பன் ஜுவெனால் மாமா, அப்பாவை வழக்கம்போல 'கொம்பாத்ரே' என்று உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன கொம்பாத்ரே, உன் கம்பெனி உன்னை விருந்துக்குக் கூப்பிட்டுச்சா இல்லையா?"

"இந்த மாசக் கடைசில பொதுக்கூட்டம். ரேடியோலயே சொல்லிட்டான்."

"சோறு போடுவானா?"

"நம்ம சங்கத்துலயே மாட்டைச் சுட்டுப் போடறான். அம்மாம் பெரிய கம்பெனி போடமாட்டானா?"

"அப்பா, அண்ணா எழுதியிருக்கான்" என்றேன். எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "என்னன்னு?" என்றார் அப்பா. எனக்குக் காது சுட்டது. "நல்லா இருக்கானாம்" என்று சொல்லிவிட்டு பீன்ஸ் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்று எனக்கு இப்போது தெரிகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பணம் போட்டால் அங்கத்தினர். அங்கத்தினர் என்றால் பொதுக்கூட்டத்தில் கை தூக்கலாம், வருஷக் கடைசியில் மிச்சத்தில் பங்கு உண்டு, சாப்பாடும் உண்டு. அவர் வாழ்நாளில் பணம் போட்ட ஒரே இடம் அதுதான். டிசம்பர் வட்டியையும், சங்கம் அறுவடைக்கு முன்னால் கொடுக்கும் முன்பணம் மாதிரி என்று நினைத்திருக்கிறார்.

கூட்டத்துக்குப் போயே தீருவாராம். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொல்லிவிட்டார். கம்பெனித் தலைவருக்குக் கொடுக்க, நன்றாக முற்றிய சீஸாகப் பார்த்து ஒன்றை எடுத்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். நீ எப்படியாவது வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொள். மெதுவாகச் சொல். உனக்குத்தான் விளக்கத் தெரியுமே.

மாரா


சாவோ பாவுலோ
3 மே 2017

மாரா,

உன் கடிதம் தபாலில் எங்கேயோ தங்கி, கூட்டம் முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது.

வீட்டில் என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பட்டியலில் பெயர் இல்லை என்று வரவேற்பில் இருந்த பெண் சொல்லியிருக்கிறாள். இவர் சங்கத்து அட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறார். அதுவும் போதாது என்றதும் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். நான் அலுவலகத்திலிருந்து ஓடினேன். லிஃப்டுக்கு முன்னால் கோட்டுப் போட்டவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், நடுவில் நம் அப்பா கையில் துணிமூட்டையோடு. என்னைப் பார்த்ததும் முகம் அப்படி மலர்ந்தது. "இதோ என் மகன் வந்துட்டான். நான் யாருன்னு அவன் சொல்வான்" என்றார்.

நான் சொன்னது இது. "நீங்க இங்க முதலாளி இல்லப்பா. வெறும் கடன் குடுத்தவரு. வாங்க போலாம்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆசீர்வாதம் கூடக் கேக்காம பேச ஆரம்பிச்சுட்ட" என்றார். அவ்வளவுதான். மூட்டையை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். பேருந்து நிலையம் வரைக்கும் பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அவரைப் பார்த்ததும் ஆசீர்வாதம் கேட்காமல் நான் பேசியதே இல்லை, மாரா. அன்றைக்கு மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை போன் செய்தேன். மணி அடிக்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறார்.

வான்டெர்லே


பெட்ரா ரெடோண்டா
22 மே 2017

அன்புள்ள அண்ணா,

அப்பா இப்போது கோபுரத்தின் பக்கமே போவதில்லை. ஓடையைச் சுற்றிக்கொண்டு மேல்தோட்டத்துக்குப் போகிறார். தூரம் அதிகம், வழியெல்லாம் முள்.

ஆனால் நிலைமை அதைவிட மோசம். ஜுவெனால் மாமா அவருடைய மருமகனிடம் சொல்லி மார்ச்சிலேயே அந்தக் கம்பெனிப் பங்கு கொஞ்சம் வாங்கியிருக்கிறார். ஈவுத்தொகை வந்துவிட்டது. அதில் ஒரு தொப்பி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டுக்கொண்டு வந்தார். பாதிரியார் முன்னால்கூடக் கழற்ற மனசில்லை.

"என்ன ஜுவெனால், புதுசா?" என்று யாரோ கேட்டார்கள்.

"டிவிடெண்ட் தொப்பி" என்றார், அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி.

அப்பா நேராக டவுன் வங்கிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். டிபெஞ்சரை விற்றுவிட்டு, எல்லாப் பணத்துக்கும் பங்கு வாங்கப் போகிறார். "அடுத்த வருஷம் அந்தப் பட்டியல்ல என் பேரு இருக்கும். அப்ப எவன் சிரிக்கிறான்னு பாக்கறேன்." போன வாரம் தலைநகரில் நடந்த அரசியல் களேபரத்தில் எல்லாப் பத்திரமும் விலை இறங்கிக் கிடக்கிறதாம். இப்போது விற்றால் போட்டதைவிடக் குறைவாகத்தான் வரும் என்று வங்கியிலேயே சொல்லியிருக்கிறார்கள். பரவாயில்லை என்கிறார். புனித யோவான் திருவிழா முடிந்த திங்கட்கிழமை கையெழுத்துப் போடப் போகிறார்.

அப்படி விற்று, அடுத்த வருஷம் கம்பெனிக்கு லாபம் வராவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? கட்டைத் துளிர்கள் இப்போதுதான் என் இடுப்பளவு வளர்ந்திருக்கின்றன. அம்மா எண்ணெயைக்கூட அளந்துதான் ஊற்றுகிறாள்.

நான்தான் சொல்லியாக வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் நீ எழுதிய வார்த்தைகளை இந்த அடுப்படியில் சொல்ல முடியாது. நான் யோசித்துப் பார்த்ததை எழுதுகிறேன். சிரிக்காதே. நாம் கீழ்ப் புல்வெளியை ஜுவெனால் மாமாவுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். அவர் மாடு கறந்தாலும் கறக்காவிட்டாலும் பேசிய பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். முன்பு அவருடைய சரிவுத் தோட்டத்தை நாம் வாரத்துக்குப் பார்த்தோமே, அதில் விளைந்தால் பாதி, விளையாவிட்டால் ஒன்றுமில்லை. டிபெஞ்சர் குத்தகை, பங்கு வாரம். இப்படிச் சொன்னால் தப்பா?

மாரா


சாவோ பாவுலோ
5 ஜூன் 2017

அன்புள்ள மாரா,

சிரிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். தப்பே இல்லை.

ஒரே ஒரு இடத்தில் கவனமாக இரு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் நிலம் நம் கண் முன்னால்தான் இருக்கிறது. இங்கே பணம் கம்பெனி கையில். கம்பெனி ஒரேயடியாக மூழ்கினால் குத்தகைக்கு விட்டவரும் நஷ்டப்படலாம். ஆனால் பணத்தைத் திரும்ப வாங்கும் வரிசையில் அவருக்கு இடம் முன்னால், வாரக்காரர் அவருக்குப் பின்னால். இதையும் அப்பாவிடம் சொல். எதையும் மறைத்துவிட்டுச் சொல்லாதே. அவர் ஒருநாள் கண்டுபிடிப்பார்.

தொப்பி விஷயம். இன்றைக்குப் பங்கு வாங்கினால் இந்த வருஷ ஈவுத்தொகை கிடையாது. அது அந்தத் தேதியில் பங்கு வைத்திருந்தவர்களுக்குப் போய்விட்டது. ஈவுத்தொகை போன அளவுக்குப் பங்கின் விலையும் இறங்கும். காப்பி பறித்து முடித்த தோட்டத்தை வாங்குவது மாதிரிதான். மறுபடி காய்த்தால்தான் உண்டு. பங்கு கெட்டது என்று நான் சொல்லவில்லை. காத்திருக்க வசதி உள்ளவர்களுக்கு அது நல்லதுதான். நமக்கு இந்த இரண்டு வருஷம் அந்த வசதி இல்லை.

இன்னொன்று. அந்தச் சீஸை வாட்ச்மேன் என் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து பாதியைக் கொடுத்துவிட்டுப் போனார். "உங்க அப்பா சாமான், எனக்கு முழுசா எடுத்துக்க மனசு வரல" என்றார். ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாடே அதுதான். இதை அப்பாவிடம் சொல்லாதே.

வான்டெர்லே


பெட்ரா ரெடோண்டா
28 ஜூன் 2017

அன்புள்ள அண்ணா,

சொல்லிவிட்டேன்.

திருவிழாவன்று மத்தியானம் நெருப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தோம், நானும் அப்பாவும் மட்டும். அம்மா கடலை மிட்டாய் கிண்டிக்கொண்டிருந்தாள். விறகு அடுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

"அப்பா, கீழ்ப் புல்வெளியை ஜுவெனால் மாமாவுக்கு விட்டிருக்கோமே, குத்தகையா வாரமா?"

"குத்தகை. ஏன்?"

"அவர் சரிவை நாம பாத்தப்ப?"

"வாரம். என்னடி, பரீட்சையா?"

"டிபெஞ்சர் குத்தகைப்பா. பங்குதான் வாரம்."

அவர் கையிலிருந்த கட்டை அப்படியே நின்றது.

"யாரு சொன்னா?"

"நான்தான். சரின்னு அண்ணா எழுதியிருக்கான்."

உன் பெயரைச் சொன்னதும் எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். போகவில்லை. கட்டையை வைத்தார். அவரே கேட்டார்.

"ஆலங்கட்டி அடிச்ச வருஷம் ஜுவெனால் குத்தகை குடுத்தானா?"

"குடுத்தாரு. தவணைல."

"அதே வருஷம் சரிவுல நமக்கு வாரம் என்ன வந்துச்சு?"

"காலிச் சாக்கு. அதுலதான் எனக்கு ஊஞ்சல் கட்டிக் குடுத்தீங்க."

சிரித்துவிட்டார், அண்ணா. அந்த ஏப்ரல் கூட்டத்துக்குப் பிறகு இப்போதுதான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அப்ப நான் அங்க போயி நின்னது... குத்தகைக்கு எடுத்தவன் வீட்டு அறுவடை விருந்துல போயி, எம் பங்கு எங்கடான்னு கேட்ட மாதிரி" என்றார். நான் கீழே குனிந்து குச்சிகளைப் பொறுக்கினேன்.

"நல்ல வருஷத்துல?" என்றார்.

"நல்ல வருஷம் வாரக்காரங்களுக்கு யோகம். நமக்கு அதே குத்தகைதான்."

"தொப்பி அவனுக்கு."

"தொப்பி அவருக்குத்தான்."

நீ எச்சரித்ததையும் சொன்னேன், கம்பெனி மூழ்கினால் என்ன ஆகும் என்று. அதற்கு அவர் பயப்படவில்லை. "அது எல்லாக் கடன்லயும் இருக்கறதுதான். யாருக்குக் குடுத்தோம்னு பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

திங்கட்கிழமை மாடு கறந்தார், கொட்டிலைக் கழுவினார், மத்தியானம் தூங்கினார். வங்கிக்குப் போகவில்லை. சாயங்காலம் அம்மாவிடம், "செடி காய்க்கிற வரைக்கும் குத்தகையே இருக்கட்டும். காய்ச்சப்புறம் கொஞ்சம் வாரத்துலயும் போட்டுப் பாக்கலாம்" என்றார். இந்த மாத வட்டியும் வந்துவிட்டது. "குத்தகை வந்துருச்சு" என்றுதான் சொன்னார்.

இப்போது கோபுரத்தின் கீழேதான் போகிறார். தட்டுவதில்லை. உன்னைப் பற்றியும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கும்போது கையில் எடுத்துப் பார்க்கிறார், பிறகு திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். ஆனால் மணி நிற்கும் வரைக்கும் களத்து ஓரத்தில் சிக்னல் இருக்கும் இடத்தைவிட்டு நகர்வதில்லை.

மாரா


சாவோ பாவுலோ
30 அக்டோபர் 2017

அன்புள்ள மாரா,

இதை அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

போன மாதப் புயலில் கோயாஸ் பக்கம் கம்பெனியின் கோபுரங்கள் நிறைய சாய்ந்துவிட்டன. ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். பங்கு விலை இறங்கிவிட்டது. அடுத்த வருஷம் ஈவுத்தொகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நம் வட்டிக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டிசம்பர் வட்டியில் பாதியை அப்போதும் மீதியைக் கொஞ்சம் கூடுதல் வட்டியோடு ஜூனிலும் கொடுக்கிறோம் என்று கேட்கிறார்கள். கேட்கத்தான் முடியும், தாங்களாகச் செய்ய முடியாது. டிபெஞ்சர் வைத்திருப்பவர்கள் கூடி ஒத்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 28, செவ்வாய்க்கிழமை, அதே கட்டிடத்தில் கூட்டம். இது பங்குதாரர் கூட்டம் இல்லை. கடன் கொடுத்தவர்களின் கூட்டம். அழைப்பு வீட்டுக்கு வரும். பட்டியலை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் பெயர் இருக்கிறது: ஓஸ்மார் ஃபிடெலிஸ் கர்வாலியோ, பெட்ரா ரெடோண்டா. எழுத்துப் பிழைகூட இல்லை. சங்கத்தில் மாதிரி ஆளுக்கு ஒரு வாக்கு கிடையாது, பத்திரத்துக்கு ஒரு வாக்கு. அதனால் நம் கை சின்னக் கைதான். ஆனாலும் கை தூக்கலாம், கேள்வி கேட்கலாம். பதில் சொல்லாமல் அவர்களால் நழுவ முடியாது.

ஒத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று நான் சொல்லப்போவதில்லை. டிசம்பரில் பாதிதான் வந்தால் வீடு தாங்குமா என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்.

வாருங்கள் என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை. வந்தால் பேருந்து நிலையத்தில் நிற்பேன். வராவிட்டாலும் நிற்பேன்.

அப்பா, ஆசீர்வாதம் கேட்கிறேன்.

வான்டெர்லே


பெட்ரா ரெடோண்டா
16 நவம்பர் 2017

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். பள்ளிப் பேருந்து நின்றுபோனபோது எல்லாரும் வருத்தப்பட்டார்கள், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அடுப்படியில் அப்பா, அம்மா, ஜுவெனால் மாமா மூன்று பேர் முன்னாலும் கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

முதலில் ஜுவெனால் மாமாதான் பேசினார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, "அப்ப எனக்கு இனிமே இந்தத் தொப்பிதான் மிச்சமா?" என்றார்.

"மழைக்கு ஆகும், போட்டுக்கோ" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "அவன் ஆசீர்வாதம் கேட்டிருக்கானா?" என்றார்.

"கேட்டிருக்கான்."

"எங்க, காட்டு."

காட்டினேன். அந்த வரியின் மேல் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். மறுபடியும் படித்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்னு எழுது. பெருசா எழுது" என்றார்.

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

கூட்டத்துக்கு அவர் வருகிறார், அண்ணா. என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "ஆலங்கட்டி வருஷம் ஜுவெனால் தவணை கேட்டப்ப நான் என்ன செஞ்சேன்? மொதல்ல போயி மாட்டைப் பாத்தேன். மாடு தெம்பா இருந்துச்சு. சரி, மெதுவா குடுன்னேன். மாடு செத்துக் கெடந்திருந்தா அன்னைக்கே புல்வெளியத் திருப்பி வாங்கியிருப்பேன்." விழுந்த கோபுரங்களில் எத்தனை மறுபடி நிற்கிறது, அதில் மின்சாரம் ஓடுகிறதா என்று கேட்கப் போகிறார். நல்ல பதில் வந்தால் பாதிக்கு ஒத்துக்கொள்வார். இரண்டு கன்றுகளை விற்றால் ஜூன் வரை சமாளிக்கலாம் என்று அம்மாவோடு பேசி வைத்திருக்கிறார். நல்ல பதில் வராவிட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். "நம்ம கை சின்னக் கைதான். தூக்கினா தெரியணும்ல" என்று சொல்லி வெள்ளைச் சட்டையை எடுத்து வெளியே போட்டார்.

சீஸையும் எடுத்து வைத்திருக்கிறார்.

"இந்தத் தடவை யாருக்குப்பா? தலைவருக்கா?"

"அவருக்கு எதுக்கு? கடன் வாங்கினவரு அவரு, அவருதான் குடுக்கணும். இது அந்த வாட்ச்மேனுக்கு. அன்னைக்கு எனக்கு நாற்காலி போட்டது அந்த ஆளு ஒருத்தன்தான்." அப்புறம் இரண்டாவதாக ஒன்றையும் எடுத்துத் துணியில் சுற்றினார். அது யாருக்கு என்று சொல்லவில்லை. பாதிச் சீஸ் கதையை நான் சொல்லவில்லை, சத்தியமாக.

இன்று காலை மேல்தோட்டத்துக்குப் போகும்போது கோபுரத்துக்குக் கீழே நின்றார். தட்டவில்லை. அண்ணாந்து கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், குத்தகைக்கு விட்ட நிலத்தைப் போய்ப் பார்ப்பாரே, அப்படி. மேலே செடிகள் என் தோள் வரைக்கும் வந்துவிட்டன.

இறங்கி வந்து, "நீயும் வா மாரா" என்றார். "நானா?" என்றேன். "எவனாவது சுத்தி வளைச்சுப் பேசினா எனக்குப் புரியற மாதிரி சொல்ல ஆள் வேணும். எனக்குக் கறக்கற வேலை கெடக்கு. டவுனுக்குப் போயி டிக்கெட்டை நீயே எடுத்துட்டு வந்துரு."

பால் லாரியில் டவுனுக்கு வந்தேன். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் கண்ணாடி, அதில் சின்ன ஓட்டை. உரக்கப் பேசினால்தான் உள்ளே இருப்பவருக்குக் கேட்கும். பெஞ்சில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை இதுவரை எழுதினேன், பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் போகவிட்டேன். பிறகு எழுந்து போய் நின்று, "சாவோ பாவுலோவுக்கு ரெண்டு" என்றேன். அவர் காதில் கை வைத்துக் காட்டினார். இன்னும் உரக்கச் சொன்னேன்.

மாரா